குனிந்து நிற்பவன்

வாகீசனை யூனிவர்சிற்றியிலிருந்து துரத்திக் கலைத்துவிட்டார்களாம்.

வெக்ஸ்போர்ட்டில் அருள்நாயகத்தின் சாப்பாட்டுக்கடை. சனிக்கிழமை காலை இடியப்ப வரிசை கதவுவரை நீண்டிருந்தது. அந்த வரிசையில் நின்றபோதுதான் பிரதீபாவுக்கு இந்தச் செய்தி கிடைத்தது. அவளுக்கென்று யாரும் சொல்லவில்லை. முன்னால் நின்ற பச்சைக் கோட்டு அம்மா தன் சிநேகிதிக்கு ஊற்றியதில் அவள்மீதும் கொஞ்சம் சிந்தியது.

"எந்த வாகீசன்?"

"உவன்தான், குனிஞ்சு நிண்டு காலுக்குள்ளால பின்னுக்குப் பந்தெறியிறவன். கமலாம்பிகையின்ர கடைக்குட்டி. ஆரோ ஒரு பெடியனுக்கு அடிச்சு மூக்கை உடைச்சுப்போட்டானாம். இன்னும் ஆறு பாடந்தானாம் இருந்தது."

"ஐயோ, தாய் பாவம்."

"பாவந்தான். மூத்ததும் ஒண்டு இருக்கு, பெட்டை. அதுக்கும் கலியாணம் இன்னும் சரிவரேல்லை."

சரிவராத அந்த மூத்தது கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கட்லெட்டுகளை உற்றுப் பார்த்தபடி நின்றது. அதற்கு முப்பத்தொரு வயது. ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையை ஒன்பது வருடமாக ஆண்டுவருகிறது. வாயில் வந்ததை விழுங்குவது தொழில்முறைப் பழக்கம் என்பதால் விழுங்கிக்கொண்டது.

மூக்குடைத்தவன் குசினிக்குள்தான் நின்றான். கதவு திறந்திருந்தது. குளிர்ப்பெட்டிக்கு முதுகைக் காட்டி, கால்களை அகட்டி, இரண்டாக மடிந்து நின்று, நிலத்தில் அடுக்கியிருந்த உறைந்த பரோட்டாப் பைகளை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் பற்றி, கால்களுக்கிடையால் பின்னுக்கு அனுப்பிக்கொண்டிருந்தான். குசினியின் மறுகரையில் சமையற்காரர் விநாயகமூர்த்தி, அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, நெஞ்சுக்கு நேரே வந்த பையை வாங்கிப் பெட்டிக்குள் வைத்தார். ஒரு பை, இன்னொரு பை. வாகீசனுக்குக் காது நன்றாகக் கேட்கும். பச்சைக் கோட்டு அம்மாவின் குரலும் சின்னக் குரலல்ல. "மூக்கை உடைச்சுப்போட்டானாம்" என்றபோது ஒரு பை அவன் கையில் இருந்தது. அதுவும் மற்றவை போன அதே வேகத்தில், அதே உயரத்தில் போனது.

பிரதீபாவுக்குக் கோபம் வந்த இடம் அதுதான். கதையைக் கேட்டபோதுகூட அவ்வளவு வரவில்லை.

அவன் தொழிலை ஆட்களுக்கு விளங்கப்படுத்தி விளங்கப்படுத்தி அவள் களைத்துப்போனவள். கனடியன் ஃபுட்போலில் பந்தை எதிரியிடமிருந்து தூரத்துக்கு உதைத்துத் தள்ளவேண்டிய கட்டங்கள் வரும். உதைக்கிறவன் பதினைந்து யார்ட் பின்னால் நிற்பான். அவன் கைக்குப் பந்து போகவேண்டும். அதற்கென்றே ஒருவன் முன்வரிசை நடுவில் குனிந்து, தன் காலிடுக்கால் உலகத்தைத் தலைகீழாகப் பார்த்து, முக்கால் விநாடிக்குள் அந்த முட்டைப் பந்தை உதைக்கிறவனின் வலது இடுப்பில் கொண்டுபோய் வைக்கிறான். வைத்த மறுகணம் எதிர்வரிசைக்காரன் ஒருவன் அவன் பிடரியில் வந்து விழுவான். ஓர் ஆட்டத்தில் இது பத்துப் பன்னிரண்டு தரம் நடக்கும். மிச்ச நேரமெல்லாம் வாங்கில் இருப்பு. லோங் ஸ்னாப்பர் என்று அதற்குப் பெயர்.

"என்ர பேரை ஸ்பீக்கரில சொன்னால், அக்கா, நான் பிழை விட்டிட்டன் எண்டு அர்த்தம்" என்பான் வாகீசன். "ஐடியலி, நோபடி நோஸ் மீ."

யூனிவர்சிற்றி அணிக்கு ஆடிய நான்கு வருடத்தில் ஒரே ஒரு தரம்தான் சொன்னார்கள். அன்று நல்ல மழை. பந்து வழுக்கி, உதைக்கிறவனின் தலைக்கு மேலால் போய் வேலியில் விழுந்தது. அன்றைக்குப் பார்த்து அம்மா கமலாம்பிகை முதல்தரமாக ஆட்டம் பார்க்க வந்திருந்தாள். ஒலிபெருக்கியில் மகனின் முழுப்பெயரும் கேட்டவுடன் குடையை எறிந்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினாள். ஆறாயிரம் பேர் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த கணம் அவளுக்கே பயம் பிடித்துவிட்டது. "காணும், காணும், இவ்வளவு சனத்துக்கு முன்னால என்னத்துக்குப் பிள்ளையின்ர பேரைச் சொல்லுறாங்கள்?" என்று முணுமுணுத்தபடி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் அவள் போனதில்லை.

ஆறடி இரண்டங்குலம், நூற்றுப் பத்துக் கிலோ. இவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு இவ்வளவு சின்ன இடத்தில் ஒளிந்திருக்க அவனால்தான் முடியும். பத்தாம் வகுப்பில் பள்ளிக்கூட அணியில் யாருமே ஏற்காத இந்த இடத்துக்குக் கையைத் தூக்கியவன் அவன் ஒருவன்தான். முகம் பார்க்கத் தேவையில்லாத வேலை என்பது அவனுக்குப் பிடித்திருந்தது. அதனாலோ என்னவோ, ஆட்களை அவன் சப்பாத்தை வைத்துத்தான் அறிவான். வீட்டுக்கு யாரும் வந்தால் மேலே ஏறி முகம் பார்ப்பதற்குள் வாசலில் கிடப்பதைப் பார்த்துவிடுவான். "இடது குதி தேஞ்சது. செல்வரட்ணம் மாமா. தனிய வந்திருக்கிறார், மாமியோட சண்டை" என்று பேஸ்மென்றுக்கே திரும்பிப் போய்விடுவான். அவன் சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

அந்தப் பேஸ்மென்றில் ஒரு பழைய மெத்தை சுவரோடு நிற்கிறது. அதில் நீல ஒட்டுநாடாவால் போட்ட ஒரு சிலுவை. நாளுக்கு நூறு தரம் பந்து அதில் போய் அடிக்கும். முதலாவது அடிக்கே மேலே சாமியறையில் பிள்ளையார் படம் ஆடும். ஐம்பதாவதில் ஒரு பக்கம் சரியும். நூறு முடிந்ததும் அவனே மேலே வந்து நிமிர்த்திவைத்து, திருநீறு பூசிக்கொண்டு, பிரிட்ஜைத் திறப்பான்.

எது கேட்டாலும் அவனிடம் ஒரு பதில் இருக்கிறது. "பந்து போயிட்டுது, அக்கா." கையை விட்டுப் போன பந்தைப் பற்றி ஸ்னாப்பர் கவலைப்படக்கூடாது என்பது அவன் கோச் சொல்லிக்கொடுத்தது. அவன் அதை வாழ்க்கை முழுவதற்கும் விரித்துவிட்டான். கார்க் கண்ணாடியை உடைத்தபோதும் பந்து போயிட்டுது. சாரதிப் பரீட்சைக்குப் பிந்திப் போனபோதும் பந்து போயிட்டுது. இந்த ஜனவரியில், சிவில் என்ஜினியரிங்கில் ஆறு பாடம் மிச்சமிருக்க, ஒருவரையும் கேட்காமல் விலகல் கடிதம் கொடுத்துவிட்டு வந்து சொன்னதும் அதேதான்.

"ஆறு பாடம்! ஆறே ஆறு பாடம்!" பிரதீபா கிளினிக் சீருடையோடு பேஸ்மென்ற் படியில் நின்று கத்தினாள். "ஒரு வருஷம் பொறுத்தால் என்ன? மூச்சு நிண்டுபோகுமோ?"

அவன் தன் ஆயுளிலேயே நீளமான விளக்கத்தை அன்றுதான் கொடுத்தான். ஏப்ரல் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு நாட்டிலுள்ள ஒன்பது தொழில்முறை அணிகளும் முறைவைத்து மாணவர்களைப் பொறுக்கும். அதுதான் ட்ராஃப்ற். எட்டுச் சுற்று. ஓர் அணிக்கு ஒரே ஒரு ஸ்னாப்பர். இருக்கிறவன் முதுகு முறியும்வரை இடத்தை விடமாட்டான். இந்த வருடம் இரண்டு பேருக்கு முறிந்துவிட்டது. வருகிற வருடம் ஒருவருக்கும் முறிகிற அறிகுறி இல்லை. மார்ச்சில் வினிபெக்கில் தேர்வுமுகாம். அதற்கு முழு நேரமும் பயிற்சி வேண்டும்.

"பாலம் எங்கேயும் ஓடாது, அக்கா. நாப்பது வயசிலயும் கட்டலாம். நாப்பது வயசில குனியேலாது."

அப்பா இராஜரட்ணம் பாரலொறிக்காரர். மாதத்தில் பாதி நாள் மனிற்றோபா வீதிகளில் இருப்பவர். அவர் தொலைபேசியில் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "குனியிறவனுக்குப் பென்சன் இருக்கோ எண்டு கேள்" என்றார். அவ்வளவுதான். மிச்சமெல்லாம் பிரதீபாவின் தலையில். மீளச் சேர்வதற்கான விண்ணப்பத்தை அவளே நிரப்பி, மே முதலாம் திகதி கடைசி நாள் என்று சிவப்பில் எழுதிப் பிரிட்ஜில் ஒட்டினாள். கையொப்பம் மட்டும் பாக்கி. அணிகளுக்குப் போகவேண்டிய படிவங்களை நிரப்பியதும் அவள்தான். "உங்களை நேரில் அறிந்த, உறவினரல்லாத ஒருவர்" என்ற இடத்தில் அருள்நாயகத்தின் பெயரையும் நம்பரையும் எழுதினாள். பதினேழு வயதிலிருந்து வாகீசன் அந்தக் கடையில் வேலை செய்கிறான். அருள்நாயகம் கோயில் பரிபாலனசபைக்காரர். பொய் சொல்லமாட்டார் என்று பெயரெடுத்தவர்.

சரி, கலைத்துவிட்ட கதை எங்கிருந்து வந்தது? ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பிரதீபா தொலைபேசியும் கையுமாக அதைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனாள். பச்சைக் கோட்டு அம்மாவுக்குச் சொன்னது யோகா வகுப்பில் ஒருத்தி. யோகாக்காரிக்குச் சொன்னது வேதவல்லி அன்ரி. வேதவல்லி அன்ரி முதலில் இழுத்தாள், பிறகு இருமினாள்.

"நான் சொன்னதெண்டு சொல்லாதையும், பிள்ளை. உங்கட அம்மாதான் சொன்னவ. ஒருத்தருக்கும் சொல்லவேண்டாம் எண்டும் சொன்னவ."

பிரதீபா தொலைபேசியை வைத்தாள். ஆச்சரியப்பட அதில் ஒன்றுமில்லை. இது அம்மாவின் பழைய வேலை. நல்ல காரியம் ஒன்று கூடிவருகிறது என்றால், அது முடியும்வரை அதற்கு நேரெதிரானதை ஊருக்குச் சொல்லிவைப்பாள். இந்த வீட்டை வாங்கியபோது, வங்கி கைவிரித்துவிட்டது என்று மூன்று மாதம் மூக்கைச் சிந்தினாள். குடிபூரலுக்கு வந்தவர்கள் வாடகை வீடு என்று நினைத்து ஒரு சோற்றுக்குக்கர் மட்டும் கொண்டுவந்தார்கள். பிரதீபாவுக்கு வேலை கிடைத்தபோது, நேர்முகத்தில் அழுதுவிட்டாள் என்று கதை. ஆறு வருடத்துக்கு முன் அவளுக்கு ஸ்ரௌவ்வில் ஊர்ப் பக்கத்தில் ஒரு நல்ல இடம் பேசி, சாதகம் பொருந்தி, நாள் பார்க்கிற கட்டத்தில், "மாப்பிள்ளை பகுதி வேண்டாமெண்டிட்டினம்" என்று அம்மா கோயிலில் நான்கு பேருக்குச் சொன்னாள். அது சுற்றிச் சுழன்று மாப்பிள்ளை பகுதிக்கே போய்ச் சேர்ந்தது. பெண் வீட்டாருக்கு விருப்பமில்லை, கௌரவமாக விலகுகிறார்கள் என்று அவர்கள் நினைத்துக்கொண்டு, அவர்களும் கௌரவமாக விலகிவிட்டார்கள்.

குசினியில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏனம்மா?"

"என்னத்துக்கு ஏன்?"

"தம்பியைக் கலைச்சதெண்டு ஏன் சொன்னீங்கள்?"

கமலாம்பிகை மறுக்கவில்லை. "பின்ன? பிள்ளை பெரிய ரீமுக்குப் போகப்போறான் எண்டு சொல்லச் சொல்லுறியோ? சொன்னால் உந்தச் சனம் என்ன கண்ணால பாக்கும்? கலைச்சவங்கள் எண்டால் பாவம் பாக்கும். பாவம் பாக்கிற கண் பிள்ளையைச் சுடாது."

"மூக்கு?"

"எந்த மூக்கு?"

"மூக்கை உடைச்சவனாம்."

"சீ, அது நான் சொல்லேல்லை" என்றாள் அம்மா, உண்மையாகவே மனம் நொந்து. "அது அவையள் தங்கட கையால போட்டது."

பேஸ்மென்றில் பந்து மெத்தையில் அடித்தது. பிள்ளையார் ஆடினார்.

திங்கட்கிழமை வேலை முடிந்து பிரதீபா நேரே அருள்நாயகத்தின் கடைக்குப் போனாள். கதை உலாவுகிற இடத்திலேயே அதை நிறுத்திவிடுவது என்பது அவள் எண்ணம். அருள்நாயகம் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் தொங்கவிட்டுக்கொண்டு றோல்ஸ் அடுக்கினார்.

"அங்கிள், தம்பியைக் கலைச்சதெண்டு ஒரு கதை. அது பொய். அவனாத்தான் விட்டவன். மார்க்ஸ் எல்லாம் எண்பதுக்கு மேல."

அருள்நாயகத்தின் கை றோல்ஸோடு அந்தரத்தில் நின்றது.

"அப்ப நான் அந்த மனுசனுக்குச் சொன்னது?"

"எந்த மனுசன்?"

"புதன்கிழமை கோல் எடுத்தவன். வெஸ்ற்றில இருந்து, உந்தப் பந்து ரீம்காரன். நல்ல மரியாதையான ஆள். தம்பியைப் பற்றிக் கேட்டான். நான் சொன்னன், வேலையில தங்கம், அஞ்சு வருஷத்தில ஒருநாள் பிந்தேல்லை எண்டு. பிறகு கேட்டான், பிரச்சினை ஏதும் உண்டோ எண்டு."

"நீங்கள்..."

"நான் பொய் சொல்லமாட்டன் எண்டு உமக்குத் தெரியும்தானே, பிள்ளை."

தெரியும். தெரிந்துதானே எழுதியது.

"அடிபட்டுக் கலைச்சுப்போட்டாங்கள், ஆனால் குணமான பிள்ளை, ஒரு சான்ஸ் குடுங்கோ எண்டு கெஞ்சிக் கேட்டன். எனக்குக் கண்ணால தண்ணியே வந்திட்டுது."

"அவன் என்ன சொன்னவன்?"

"தாங்க் யூ சேர், வெரி ஹெல்ப்ஃபுல் எண்டான்." அருள்நாயகம் றோல்ஸை மெதுவாகத் தட்டில் வைத்தார். "உங்கட அம்மாதான் பிள்ளை சொன்னவ. இந்தக் கவுண்டரில நிண்டு அழுதவ. தம்பியிட்டை என்னெண்டு நான் கேக்கிறது? நொந்துபோன பிள்ளை எண்டு நான் அவனோட அந்தக் கதையே எடுக்கிறேல்லை."

பிரதீபா அந்த நம்பரை வாங்கி வெளியே காருக்குள் இருந்து மூன்று தரம் அடித்தாள். மூன்று தரமும் பதிவு இயந்திரம். வீட்டுக்குப் போய் வாகீசனின் மதிப்பெண் பத்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பினாள். 'உங்கள் கடிதம் கிடைத்தது' என்று ஓர் இயந்திரம் பதில் போட்டது. கோச் ஏற்கெனவே நல்லதாகச் சொல்லியிருந்தார். ஆனால் தன் பிள்ளையை விற்கிற கோச் வேறு என்ன சொல்வார் என்று அவர்களுக்கும் தெரியும்தானே? அதற்காகத்தானே வெளியாள் ஒருவரைக் கேட்கிறார்கள்? திருத்துவதென்றால் சொன்ன வாயே திருத்தவேண்டும்.

செவ்வாய்க்கிழமை, ட்ராஃப்ற் நாள். முதற்சுற்று இரவு எட்டு மணிக்கு. பிரதீபா அரைநாள் லீவு போட்டுவிட்டு, அருள்நாயகத்தின் கடைக்குப் போக நான்கு மணிக்கு அம்மாவையும் தம்பியையும் காரில் ஏற்றினாள். அம்மா பின்சீற்றில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, வைத்தியரிடம் போகிறவள்போல் இருந்தாள். வாகீசன் முன்சீற்றில் மடிந்திருந்தான். அவன் முழங்கால் இரண்டும் முன்பலகையில் முட்டிக்கொண்டு நின்றன.

"புதன்கிழமை அங்கிளுக்கு அந்தக் கோல் வந்தது உனக்குத் தெரியுமோ?"

"ஓம்."

பிரதீபா பிரேக்கை மிதித்தாள். பின்னால் வந்தவன் ஹோர்ன் அடித்தான்.

"என்னெண்டு தெரியும்?"

"பக்கத்திலதான் நிண்டனான்."

"அவர் சொன்னதெல்லாம் கேட்டனியோ?"

"ஓம்."

"கேட்டு என்ன செய்தனி?"

வாகீசன் கொஞ்சம் யோசித்தான். "லீக்ஸ் வெட்டினனான்."

"உனக்கு விசரோ? உன்ர வாழ்க்கையடா! ஆறு பாடத்தையும் விட்டிட்டு, முதுகையும் முறிச்சு, எல்லாத்தையும் இந்த ஒரு நாளில வைச்சிட்டு நிக்கிறாய். அவர் எல்லாத்தையும் கவிழ்த்துக் கொட்டிறார், நீ லீக்ஸ் வெட்டினனியோ? போனை வாங்கி ஒரு வசனம், ஒரே ஒரு வசனம் சொல்லியிருக்கலாம்தானே?"

அவன் தன் சப்பாத்தைப் பார்த்தபடி திருப்பிக் கேட்டான்.

"அங்கிளுக்கு அதை ஆர் சொன்னது?"

"அம்மா."

"அப்ப, மை மதர் லைட், அம்மா பொய் சொன்னவ எண்டு நான் சொல்லுறதோ? அங்கிளுக்கு முன்னால? ரீமுக்கு ஆள் பாக்கிற ஒரு ஸ்கௌற்றுக்கு?" அவன் தோளைக் குலுக்கினான். "பரவாயில்லை, அக்கா. பந்து..."

"பந்து போயிட்டுது எண்டு மட்டும் சொல்லிப்பார். இந்த லைற்றில இறக்கிவிட்டிட்டுப் போவன்."

அவன் வாயை மூடிக்கொண்டான். கார் விக்ரோறியா பார்க்கில் திரும்பியது. கண்ணாடியில் பிரதீபா பார்த்தபோது, அம்மா கைப்பையின் சிப்பை இழுத்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

கடையில் பின்னேரக் கூட்டம் தொடங்கியிருந்தது. அருள்நாயகம் கவுண்டரை விநாயகமூர்த்தியிடம் விட்டுவிட்டு வெளியே வந்தார்.

"நான் அவனுக்குக் கோல் எடுத்துத் தாறன். ஆனால் நான் என்னெண்டு கதைக்கிறது? புதன்கிழமை ஒண்டு சொன்னன், செவ்வாய்க்கிழமை வேற ஒண்டு சொன்னால் அவன் எதை நம்புவான்? எனக்குச் சொன்னவ ஆரோ அவ சொல்லட்டும்."

"எனக்கு இங்கிலிஷ் வராது, அண்ணை."

"வரும்" என்றாள் பிரதீபா. "பதினெட்டு வருஷம் நேர்சிங் ஹோமில வெள்ளைக்காரக் கிழவிகளோட சண்டை பிடிச்சனீங்கள். வரும்."

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து மூன்று வரி எழுதினாள். என் மகனை யாரும் கலைக்கவில்லை. அது நான் சொன்ன பொய். அவன் மிகவும் நல்ல பிள்ளை. ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில், பல்லுப் பிடுங்கிய பிறகு என்ன சாப்பிடலாம் என்று நோயாளிகளுக்கு எழுதிக்கொடுப்பதுபோல. கமலாம்பிகை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல்வைத்து வாசித்தாள். மூன்றாம் வரியில் விரல் நின்றது.

"முதல் ரெண்டும் சொல்லுவன். மூண்டாவதை வெட்டு."

"அம்மா!"

"நான் பொய்க்காரி எண்டு சொல்லுறன். எத்தினை தரம் வேணுமெண்டாலும் சொல்லுறன். அந்த மனுசன் என்னைப் பேசட்டும். நல்லவன் எண்டு என்ர வாயால சொல்லமாட்டன். இண்டைக்கு, இந்த நேரத்தில, இவ்வளவு சனம் நிக்கேக்க..."

"அந்த மூண்டாவதைத்தானம்மா அவங்கள் கேக்கிறாங்கள்! மிச்சம் ரெண்டும் ஆருக்கு வேணும்? மூண்டு மணித்தியாலம் இருக்கு!"

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பிரதீபா குரலைத் தாழ்த்தவில்லை. ஆறு வருடத்துக்கு முந்திய ஒரு பேச்சும் தொண்டைவரை வந்தது. அதை மட்டும் திருப்பி விழுங்கினாள். வாகீசன் குளிர்பானப் பெட்டியோடு சாய்ந்து, எல்லாருடைய சப்பாத்துகளையும் பார்த்துக்கொண்டு நின்றான். காதுமடல்கள் சிவந்திருந்தன. அவனுக்கு இது ஒலிபெருக்கியில் பெயர் சொல்வதைவிட மோசம்.

"அக்கா, விடுங்கோ" என்றான் மெதுவாக. "அம்மாவை விடுங்கோ. இட்ஸ் ஃபைன்."

கமலாம்பிகை அந்தக் குரலுக்குத்தான் நிமிர்ந்தாள். மகனை அண்ணாந்து பார்த்தாள். பிறகு தாளை நான்காக மடித்துக் கைப்பைக்குள் வைத்துச் சிப்பை இழுத்தாள்.

"அண்ணை, உள்ளுக்குச் செத்தல் மிளகாய் கிடக்கோ?"

"என்னத்துக்கு, தங்கச்சி?"

"கிடந்தால் கொஞ்சம் தாங்கோ. உப்பும்."

அருள்நாயகத்துக்கு விளங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு சின்னக் கிண்ணத்தில் கல்லுப்பும் ஏழெட்டு மிளகாயும் கொண்டுவந்தார். அவள் அதை வலக்கையில் கொட்டி இறுக்கப் பொத்திக்கொண்டாள். இடக்கையை நீட்டினாள்.

"சரி. எடுத்துத் தாங்கோ. மூண்டையும் சொல்லுறன்."

அருள்நாயகம் புதன்கிழமை நம்பரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவள் கையில் கொடுத்தார். மணி போனது. மேற்கே அந்த நகரத்தில் இன்னும் மூன்று மணிதான் ஆகியிருக்கும் என்று பிரதீபா கணக்குப் பார்த்தாள். இரண்டாவது மணி. கமலாம்பிகையின் உதடுகள் மூன்றாம் வரியைச் சத்தமில்லாமல் சொல்லிப்பார்த்தன. மூன்றாவது மணி. அவள் பொத்திய கையைத் தூக்கி, கண்ணூறு கழிக்க மகனின் தலையைச் சுற்ற முயன்றாள். ஐந்தடிப் பெண். கை அவன் தலைக்கு மேல் போகவில்லை. குதிக்காலை உயர்த்தினாள். அப்போதும் எட்டவில்லை. நான்காவது மணி போய்க்கொண்டிருந்தது.

வரிசை முழுவதும் பார்த்துக்கொண்டிருக்க, வாகீசன் கால்களை அகட்டிவைத்து, கைகளை முழங்காலில் ஊன்றி, அவளுக்கு முன்னால் குனிந்தான்.